காற்றைப் பிழிந்து 4 குடம் தண்ணீர்!

மழைக் காலத்தில் பொரித்த அப்பளம் சற்று நேரத்தில் நமுத்துப் போகிறது. உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்கிறது. மரக் கதவு உப்பிக்கொண்டு, மூட முடியாமல் அடம் பிடிக்கிறது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. பிறகு எப்படி?

காற்றுதான் காரணம். காற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் இருக்கிறது. அதைத்தான் ஈரப்பதம் என்கிறார்கள்.

10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஓர் அறை. வெப்பம் 30 டிகிரி. காற்று தாங்கக்கூடிய ஈரத்தை 100 என்று வைத்துக்கொண்டால், அதில் 80 பங்கு இருக்கிறது. அப்படியானால் அந்த ஓர் அறைக் காற்றில் மட்டும் சுமார் 700 கிராம் தண்ணீர் ஆவியாக மிதக்கிறது!

அதே அறையை 20 டிகிரிக்குக் குளிர வைத்தால் என்ன ஆகும்? குளிர்ந்த காற்றால் அவ்வளவு தண்ணீரைத் தாங்க முடியாது. சுமார் 500 கிராம்தான் தாங்கும். மீதி துளித் துளியாக வெளியே வந்துவிடும். ஐஸ் தண்ணீர் வைத்த டம்ளரின் வெளிப்புறம் வேர்க்கிறதே, அதே கதைதான்.

குளிர்ச்சி வேறு, உலர்ச்சி வேறு

கோடையில் குளிர்சாதனம் இல்லாமல் இருக்க முடியாத ஊர்களில் இந்தத் தொல்லை அதிகம். அமெரிக்காவின் தென்பகுதி அப்படிப்பட்டது. புளோரிடா, லூசியானா, டெக்சாஸ் கடற்கரை எல்லாம் புழுக்கத்துக்குப் பேர்போன இடங்கள். அங்கே ஒரே பெரிய எந்திரத்தில் காற்றைக் குளிர வைத்து, குழாய்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் அனுப்புகிறார்கள்.

குளிர்சாதனம் ஓடும்போது ஈரத்தையும் ஓரளவு எடுத்துவிடும். உண்மையில் அது பிறந்ததே அதற்காகத்தான். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம் இருந்தது. ஈரத்தில் காகிதம் விரிந்து, வண்ணப் படங்களில் ஒரு நிறம் இன்னொரு நிறத்தோடு பொருந்தாமல் போயிற்று. 1902-ம் ஆண்டு வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது என்ஜினீயர் அதற்கு ஒரு வழி கண்டார். மனிதனுக்கு வேர்க்கிறதே என்று கவலைப்பட்டு அல்ல, காகிதத்துக்காக!

ஆனால் வீட்டில் ஒரு சிக்கல். சொன்ன அளவுக்கு அறை குளிர்ந்ததும் குளிர்சாதனம் நின்றுவிடும். மழை நாளில் வெளியிலேயே குளிர்ச்சி. எந்திரத்துக்கு வேலை இல்லை. ஈரமோ அப்படியே இருக்கிறது.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அதன் பிறகு செலவை மிச்சப்படுத்த வீடுகளை இடுக்கு இல்லாமல் அடைத்துக் கட்டத் தொடங்கினார்கள். வெயில் உள்ளே வருவது குறைந்தது. குளிர்சாதனம் ஓடுவதும் குறைந்தது. சமையல், குளியல், துணி உலர்த்தல், மூச்சுக் காற்று ஆகியவற்றால் சேரும் ஈரம் மட்டும் குறையவில்லை.

புழுக்கம் தாங்காமல் குளிரை இன்னும் கூட்டுகிறவர்கள் உண்டு. சுவர் மேலும் குளிரும். அதன்மேல் இன்னும் வேர்க்கும்!

தண்ணீர் குடிக்காத பூச்சி

இதனால் அதிகம் அவதிப்படுவது குழந்தைகள்தான். மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகள் வாழ்கின்றன. அவை மனிதத் தோலின் பொருக்கைத் தின்கின்றன. தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உடம்பாலேயே உறிஞ்சிக்கொள்கின்றன. அவற்றின் கழிவு பலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். ஈரம் 50-க்குக் கீழே இருந்துவந்தால் இந்தப் பூச்சிகள் பிழைப்பது கடினம்.

இன்னொரு எதிரி பூஞ்சணம். நனைந்த சுவரையும் விரிப்பையும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிட்டால் அது முளைக்கத் தொடங்கிவிடும். வீட்டு ஈரம் 60-ஐத் தாண்டக்கூடாது, 30 முதல் 50 வரை இருப்பது நல்லது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் யோசனை. அதற்கும் கீழே போனால் உதடு வெடிக்கும், மரம் சுருங்கும்.

எந்திரம் எப்படி வேலை செய்கிறது?

இதற்காக வந்ததுதான் வீடு முழுவதற்குமான ஈரம் நீக்கும் எந்திரம். பரணிலோ, வீட்டுக்கு அடியிலோ அதை வைக்கிறார்கள். விசிறி வீட்டுக் காற்றை உள்ளே இழுக்கும். குளிர்ந்த குழாய்ச் சுருளின் மேல் காற்று படும். ஈரம் துளியாகித் தட்டில் சொட்டி, குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போய்விடும். உலர்ந்த காற்று பிறகு ஒரு சூடான சுருளைத் தாண்டி, சற்று வெதுவெதுப்பாக அறைகளுக்குத் திரும்பும். ஈரத்தை 50 என்று திருகி வைத்தால் போதும். அளவு ஏறினால் எந்திரம் தானே ஓடும், இறங்கினால் நிற்கும்.

பல எந்திரங்கள் நாளுக்கு 30 முதல் 60 லிட்டர் வரை எடுக்கக்கூடியவை. குடத்துக்கு 15 லிட்டர் என்றால், 2 முதல் 4 குடம்!

விலைதான் கசக்கும். பொருத்தும் கூலியோடு ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். மின்சாரச் செலவு தனி.

காலுக்கு அடியில் திருடன்

எந்திரம் வாங்குமுன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பவனே கெட்டிக்காரன். தென் மாநிலங்களில் பல வீடுகள் குட்டைத் தூண்களின்மேல் நிற்கின்றன. தரைக்கு அடியில் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு வெற்றிடம். காற்று வந்தால் காயும் என்று நினைத்து அதைச் சுற்றிலும் துவாரம் வைத்தார்கள். நடந்ததோ நேர்மாறு! கோடையின் ஈரக் காற்று துவாரம் வழியாக உள்ளே புகுந்து, குளிர்ந்த உத்தரங்களில் பட்டுத் தண்ணீராயிற்று. மரம் உளுத்தது. வட கரோலினா மாநிலத்தில் இதை ஆராய்ந்தார்கள். துவாரத்தை அடைத்து, மண்ணின்மேல் பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட வீடுகளில் அந்த இடம் உலர்ந்து இருந்தது.

ஒழுகும் குழாயை மாற்றுவது, சமையலறையில் புகைபோக்கி விசிறி வைப்பது, துணியை வெளியே உலர்த்துவது எல்லாம் குறைந்த செலவில் முடிகிற காரியம். ஈரம் காட்டும் சிறு கருவியும் மலிவுதான். முதலில் அதை வாங்கலாம்.

ஜன்னலைத் திறந்து வைத்து வாழும் வீட்டுக்கு இந்த எந்திரம் பயன்படாது. நம் ஊரில் பெரும்பாலான வீடுகள் அப்படித்தான். ஐப்பசி மழையில் கதவைத் திறந்துவிட்டுக் காற்றை உலர்த்துவது கடலை வாளியால் இறைப்பதுதான்.

பொருத்திய பிறகும் கவனம் வேண்டும். வடிகட்டியில் தூசி சேரக்கூடாது. குழாய் அடைத்துக்கொண்டால், பரணில் உள்ள எந்திரத்தின் தண்ணீர் நேரே படுக்கைக்கு இறங்கும். அறையில் வைக்கும் சிறு எந்திரங்களில் 20 லட்சத்துக்கு மேல், தீப்பிடிக்கும் அபாயத்தால் 2013-ல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன.

சேரும் தண்ணீரைக் குடிக்கலாமா? கூடாது. சுருளின் அழுக்கும் கிருமியும் அதில் கலந்திருக்கும். பூச்செடிக்கு ஊற்றலாம். கீரைப் பாத்திக்கு வேண்டாம்.