சபையில் நாம் சொல்லும் பெயர்



சில ஆண்டுகளுக்கு முன் மும்பையில் எங்கள் சபையில் அப்போஸ்தலர் நடபடிகள் 3-ம் அதிகாரத்திலிருந்து பிரசங்கித்தேன். அலங்கார வாசலண்டையில் பிச்சை கேட்டிருந்த மனிதன் எழுந்து நடந்த சம்பவம். “சப்பாணி” என்ற சொல்லை அன்று எத்தனை முறை உச்சரித்தேனோ அறியேன். அதன்பின் மூன்று ஞாயிறுகள் ஒரு சகோதரியும் அவர்கள் மகனும் ஆராதனைக்கு வரவில்லை. வீடு சந்திக்கச் சென்றேன். பிறவியிலேயே கால்கள் பலவீனமான அந்தப் பத்து வயதுப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

“ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் இவனை அந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள், ஐயா. ஸ்கூலில் அப்படிச் சொன்னால் டீச்சர் கண்டிப்பார்கள். சபையில் யார் கண்டிப்பது? நீங்களே சொன்ன வார்த்தை அல்லவா?” என்றார்கள் தாயார். என்னிடம் பதில் இல்லை.

பிரியமானவர்களே, நம் பெற்றோர் இத்தகைய சொற்களைப் பகையோடு சொல்லவில்லை. உடற்குறையைச் சொல்லி ஆளை அடையாளம் காட்டுவது கிராமங்களில் அன்றாட வழக்கமாயிருந்தது. ஆனால் சொல்லின் பொருள் நிலைத்து நிற்பதில்லை. பிள்ளைத்தமிழ் நூல்களில் “சப்பாணி” என்பது குழந்தை கைகொட்டி விளையாடும் பருவத்தின் பெயர். 1871-ல் நிறைவடைந்த வேதாகம மொழிபெயர்ப்பில் அது ஒரு மனிதனுடைய நிலையைக் குறித்தது. இன்றோ அது ஏளனப் பெயர். தமிழ்நாட்டிலேயே 2010-ம் ஆண்டையொட்டி அரசு வழக்கில் “ஊனமுற்றோர்” நீங்கி “மாற்றுத்திறனாளிகள்” என்றாயிற்று. ஊரைவிட்டு வந்த நாமோ, புறப்பட்ட நாளில் ஊர் பேசிய தமிழையே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சொல் மட்டுமல்ல, மனப்பான்மையும் மாறவேண்டும். தொழுநோய் மருந்தினால் முற்றிலும் குணமாகும். ஆயினும் கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்தில் அந்நோய் ஒரு காரணமாக இருந்தது. 2019-ல்தான் பாராளுமன்றம் அதை நீக்கியது. சட்டமே கைவிட்ட நிந்தையை நம் பிரசங்கங்கள் சுமக்கலாமா?

“இது உலகத்தோடு ஒத்துப்போவதல்லவா?” என்று மூத்த விசுவாசிகள் கேட்கலாம். நம் ஆண்டவரைப் பாருங்கள். மாற்கு 2-ம் அதிகாரத்தில் நால்வர் சுமந்து வந்தவரை ஜனங்கள் வியாதியால் அறிந்தார்கள். இயேசுவோ மகனே என்றார். 5-ம் அதிகாரத்தில் பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கினால் வருந்தியவளை மகளே என்றார். லூக்கா 13-ல் பதினெட்டு வருஷம் கூனியாயிருந்தவளை ஆபிரகாமின் குமாரத்தி என்றார். வியாதியின் பெயரால் அறியப்பட்டவர்களை அவர் உறவின் பெயரால் அழைத்தார். அப்படியானால் இது நம் கர்த்தரின் வழக்கமே.

வேத வசனத்தை உள்ளபடியே வாசிப்போம். விளக்கும்போதோ “நடக்க இயலாதிருந்த மனிதர்” என்போம். பிள்ளைகளை அவரவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் பழக்குவோம். பிள்ளைகள் நம் சொல்லைத் திருத்தினால் கோபிக்காதிருப்போம். அவர்களும் அறியாத முதியோரைப் பரியாசம்பண்ணாதிருக்கட்டும்.

அடுத்த ஞாயிறு பிரசங்க பீடத்திலிருந்தே மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பிள்ளை அன்று வரவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்து கடைசி வரிசையில் அமர்ந்தான். இன்று அவன் வாலிபர் கூட்டத்தில் கீபோர்டு வாசிக்கிறான்.

உங்கள் சபையில் கதவுக்குப் பின்னால் நிற்கிற பிள்ளை யார்? கர்த்தர் தாமே நம் நாவுகளைப் பரிசுத்தப்படுத்துவாராக. ஆமென்.