அக்கரைச் சீமை – 9: ரெண்டு மணியா, ரெண்டரையா?

திருச்சி விமான நிலையம் இருப்பதே புதுக்கோட்டை ரோட்டில்தான். கீரனூர், மாத்தூர் தாண்டினால் வந்துவிடும். எங்கள் ஜில்லாக்காரர் திருச்சி ஊருக்குள் காலே வைக்காமல் சிங்கப்பூர் போய்விடலாம், பலர் அப்படித்தான் போகிறார்கள்.

விமானம் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு என்றால், கோட்டைப்பட்டினத்து வீட்டில் சாயங்காலமே அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டியாகிவிடும். நாலு பக்கமும் மார்க்கரில் பெயர். தொங்கு தராசில் மாட்டித் தூக்கிப் பார்த்து, கிலோ கூடினால் முதலில் வெளியே வருவது சட்டை. கருவாடு வெளியே வராது. அப்புறம் நூறு கிலோமீட்டருக்கு மேல் வேனில் ஓட்டம். மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும். பறக்கிற நேரத்தைவிடப் பறப்பதற்கு முந்தைய நேரம் அதிகம்.

சரி, பறக்கிற கணக்குக்கு வருவோம். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வான்வழியில் சுமார் 2,980 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் மூன்று மணி இருபது நிமிடத்தில் முடிய வேண்டும். டிக்கெட்டோ நாலு மணி நேரம் என்கிறது. நின்ற இடத்திலிருந்து நகர்ந்தது முதல் சாங்கியில் போய் நிற்கும் வரை எல்லாமே அந்தக் கணக்கில் சேர்த்தி. ஓடுபாதைக்கு ஊர்வது, மெதுவாக ஏறுவது, இறங்க வரிசையில் வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம்.

காற்றும் இருக்கிறது. ஆடியில் தரையில் அம்மியைத் தள்ளுவது மேல்காற்று. அதே ஆடியில் வானத்தின் உயரத்தில் காற்று நேரெதிராகக் கிழக்கிலிருந்து வீசும். 1950களில் இதைக் கண்டு உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். அதன் முழு உக்கிரம் விமானத்துக்கும் மேலே என்றாலும், அடிவிளிம்பு மூக்கில் மோதும். 60 கி.மீ. எதிர்க்காற்று என்று வைத்தால் கால் மணி நேரம் கூடும். திரும்பி வருகிறவனை அதே காற்று தள்ளிக்கொண்டு வரும். ஊருக்கு வரும்போது சீக்கிரம் வந்த மாதிரி இருக்கிறது என்று சொல்வதில், ஆடி மாதத்திலாவது, உண்மை உண்டு.

எங்கள் ஐயா போனது ‘ரஜூலா’ கப்பலில். 1926-இல் கட்டியது. நாகப்பட்டினத்தில் தோணியில் போய்த்தான் அதில் ஏற வேண்டும். பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர ஏறக்குறைய ஒரு வாரம். ஒரு வாரமாகப் போகிறவனுக்கு அங்கே கடிகாரம் எவ்வளவு முந்தி என்பது பெரிய விஷயமில்லை. இன்று ஒரு மணிக்கு ஏறியவன் ஏழரைக்கு இறங்குகிறான், டிக்கெட்டைப் பார்த்த பிள்ளைகள் ஆறரை மணி நேரப் பயணம் என்று நினைக்கிறார்கள். திரும்பும்போது ஒன்றரை மணி நேரத்தில் வந்த கணக்கு!

“நமக்கு ரெண்டு மணி முந்தி” என்று ஐயா சொல்லிவிட்டுப் போனது அன்றைக்குச் சரிதான். 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் கடிகாரத்தை இன்னும் அரை மணி முன்னே தள்ளிவிட்டார்கள். அப்பத்தா அதை ஏற்கவில்லை. இரவு எட்டரைக்கு, “பத்தரைதானேப்பா ஆகும் அங்க, முழிச்சுதான் இருப்பான்” என்று சித்தப்பாவுக்குப் போன் போடச் சொல்லும். மறுமுனையில் பதினோரு மணித் தூக்கக் குரல்: “சொல்லும்மா, முழிச்சுதான் இருக்கேன்.”

(தொடரும்)