ஆடுகளின் இரைப்பைப் புழுவும் மேய்ச்சல் மாற்றமும்

கான்சாபுரம், வத்திராயிருப்புப் பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் பசும்புல் தழைக்குங்கால், ஆடுகளுக்கு இரைப்பைப் புழுவின் உபத்திரவமும் மிகும். இப்புழு இரத்தத்தை உறிஞ்சுவதால் ஆடு சோகை கண்டு, தாடையின் கீழ் நீர் கோத்து, முற்றினால் மடியும்.

புழுக்கையுடன் விழும் முட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில் நோய் தரும் இளம்புழுவாகிப் புல்லின் அடித்தாளில் ஏறி நிற்கும். ஆகையால் மேய்ச்சல் தரையை 10 அடைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 3½ நாள் மட்டுமே மேய்த்தல் வேண்டும். முதல் அடைப்புக்குத் திரும்ப 35 நாளாகும். அதற்குள் வெப்பப் பிரதேசங்களில் இளம்புழுக்களிற் பெரும்பாலானவை இரையின்றி மடியும். 1994-இல் வெளியான டோங்காத் தீவுச் சோதனை இதனை உறுதிப்படுத்திற்று.

புல்லை அடியொட்ட மேயவிடலாகாது. மந்தை முழுவதற்கும் அடிக்கடி மருந்தளித்தால் புழு அதற்குப் பழகிவிடும். கீழிமையின் உட்புறம் வெளுத்த ஆடுகளுக்கு மட்டும் அளிப்பதே உத்தமம்.