தங்கம் வென்றும் தீராத கணக்கு

2016 ஆகஸ்ட் 21. ரியோ ஒலிம்பிக்கின் கடைசி நாள். பெண்களுக்கான 75 கிலோ குத்துச்சண்டை இறுதிப் போட்டியில் நெதர்லாந்து வீராங்கனையை வென்ற கிளாரெஸா ஷீல்ட்ஸ் பரிசு மேடையில் நிற்கிறார். கழுத்தில் தங்கப் பதக்கம். அதோடு இன்னொரு பதக்கத்தையும் எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார். அது நான்கு ஆண்டுகளுக்கு முன்பு லண்டனில் வென்ற தங்கம். ஆண், பெண் இருபாலரையும் சேர்த்து, அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் அமெரிக்கக் குத்துச்சண்டையாளர் இந்தக் கறுப்பினப் பெண்தான்.

அதைப் பெருமிதம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அதில் ஒரு கேள்வியும் கேட்டது: முதல் தங்கத்தை வென்றபோது நீங்கள் எல்லோரும் எங்கே போயிருந்தீர்கள்?

அமெரிக்கக் குத்துச்சண்டைக் கதை இந்தப் பத்திக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மும்பையில் தோன்றிய தலித் பேந்தர்ஸ் இயக்கம், அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டது. அந்த மக்களின் வாழ்க்கையில் நம் வாழ்க்கையை வாசிப்பது நமக்குப் புதிதல்ல.

தண்ணீரே நஞ்சான ஊர்

கிளாரெஸா 1995இல் மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரில் பிறந்தவர். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தோன்றிய ஊர் அது. ஒரு காலத்தில் ஏறக்குறைய 80 ஆயிரம் பேருக்கு அந்த நிறுவனம் அங்கே வேலை கொடுத்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட, வசதி உள்ளவர்கள் வெளியேறினார்கள். போக வழியில்லாதவர்கள் தங்கினார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் கறுப்பின மக்கள். 2014இல் செலவைக் குறைப்பதற்காக நகரின் குடிநீர் ஆதாரத்தை மாற்றினார்கள். உரிய சுத்திகரிப்பு இல்லாமல் வந்த ஆற்று நீர் பழைய குழாய்களை அரித்தது. அதனால் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கலந்தது. தண்ணீர் நிறம் மாறி நாறுகிறது என்று மக்கள் பாட்டில்களில் பிடித்துக் காட்டியபோதும் நல்ல தண்ணீர்தான் என்றே அதிகாரிகள் சொன்னார்கள். குடிநீருக்காக மனு கொடுத்துக் கால் தேய்ந்த சேரி மக்களுக்கு இந்தப் பதில் பழக்கப்பட்டதுதான்.

இந்த ஊரில் வறுமைக்குள் வளர்ந்தார் கிளாரெஸா. தாய் குடிப்பழக்கத்தோடு போராடியவர். தந்தை சிறையில் இருந்தார். சிறுவயதில் தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறையைப் பற்றிப் பின்னாளில் அவரே வெளிப்படையாகப் பேசினார். அவருக்கு ஒன்பது வயதானபோது தந்தை விடுதலையாகி வந்தார். சட்டத்துக்குப் புறம்பான மோதல்களில் குத்துச்சண்டை போட்டவர் அவர். முகமது அலியின் மகள் லைலா அலி சண்டை போடுவதைப் பற்றி ஒருநாள் மகளிடம் சொன்னார். மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். நானும் சண்டை போடுகிறேன் என்றாள். அது ஆம்பளைங்க விளையாட்டு என்றார் தந்தை. பெண் விடவில்லை. 11 வயதில் பெர்ஸ்டன் பீல்டு ஹவுஸ் என்ற சமூகக் கூடத்தில், பயிற்சியாளர் ஜேசன் கிரட்ச்ஃபீல்டிடம் போய்ச் சேர்ந்தாள்.

லண்டனும் அதன் பிறகும்

பெண்கள் குத்துச்சண்டைக்கு ஒலிம்பிக்கில் இடம் கொடுக்க 2009இல்தான் முடிவெடுத்தார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆண்களுக்குப் பத்து எடைப்பிரிவுகள், பெண்களுக்கு மூன்று. நம் மேரி கோம் வெண்கலம் வென்றது அந்த மூன்றில் ஒன்றில்தான். இன்னொன்றில், 17 வயதுப் பள்ளி மாணவி கிளாரெஸா 19க்கு 12 என்ற புள்ளிக் கணக்கில் ரஷ்யாவின் டோர்லோபோவாவை வென்று தங்கம் பெற்றார். அந்த ஒலிம்பிக்கில் அமெரிக்க ஆண் குத்துச்சண்டை வீரர்கள் ஒரு பதக்கமும் வாங்கவில்லை. அவரை வளர்த்தெடுத்த கிரட்ச்ஃபீல்டுக்கு மேடையோரம் நிற்க அனுமதி இல்லை. அவர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ஊர் திரும்பியபோது அவரை வரவேற்க மக்கள் திரண்டார்கள். ஆனால் எதிர்பார்த்த விளம்பர ஒப்பந்தங்கள் வரவில்லை. பதக்கத்துக்கான பரிசுத்தொகை 25 ஆயிரம் டாலர். ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்த வேண்டிய பெண்ணுக்கு அது எத்தனை நாளைக்கு வரும்? எதிராளியை அடிப்பது எனக்குப் பிடிக்கும் என்று பேட்டிகளில் சொல்லாதே, கொஞ்சம் மென்மையாகப் பேசு என்று அவருக்கு அறிவுரை சொன்னார்கள். அடிப்பதே ஆட்டமாக உள்ள விளையாட்டில், ஆண் சொன்னால் வீரம். ஏழைக் கறுப்புப் பெண் சொன்னால் திமிர்.

மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கிய நம் பகுதி மாணவி ஒருத்தியின் வீட்டுக்குச் சென்ற ஆண்டு போயிருந்தேன். அவள் அம்மா கேட்டது இது: “பதக்கம் வாங்கிட்டு வந்துட்டா, சரிதான். போட்டிக்குப் போகவர வாங்குன வட்டிக் கடன யாருண்ணே கட்டுறது?” அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பிளின்ட் நகரத்து வீட்டிலும் கேட்டிருக்கக்கூடிய கேள்விதான் அது.

கிளாரெஸா நிறுத்தவில்லை. 2014இலும் 2016இலும் உலக சாம்பியன் ஆனார். அதே ஆண்டு ரியோவில் இரண்டாவது தங்கம். அமெச்சூர் வாழ்க்கையில் 77 வெற்றிகள். தோல்வி ஒன்றே ஒன்று. 2012 உலகப் போட்டியில் இங்கிலாந்தின் சவானா மார்ஷலிடம் பெற்றது அது.

கூலி கேட்கும் மேடை

2016 நவம்பரில் லாஸ் வேகஸ் நகரில், நான்கு சுற்றுச் சண்டை ஒன்றில் வென்று தொழில்முறைக்குள் நுழைந்தார். அமெச்சூருக்கும் தொழில்முறைக்கும் உள்ள வேறுபாடு அடியின் கனத்தில் மட்டும் இல்லை. அமெச்சூரில் தேசிய அணி இருக்கிறது, நாட்டின் கொடி இருக்கிறது, ஏதோ ஓர் உதவித்தொகையும் இருக்கிறது. தொழில்முறையில் தலைக்கவசம் கிடையாது. சுற்றுகள் கூடும். டிக்கெட் விற்க வேண்டும், தொலைக்காட்சி காட்ட வேண்டும். யாரும் பார்க்காத சண்டைக்கு யாரும் பணம் கொடுக்க மாட்டார்கள். பெண்கள் சண்டையைக் காட்டாமலே, பெண்கள் சண்டையை யாரும் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கதவைத்தான் அவர் உடைத்தார். 2017 மார்ச்சில் டெட்ராய்ட்டில், கட்டணத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான நிகழ்ச்சியின் முதன்மைச் சண்டையே அவருடையதாக இருந்தது. அமெரிக்கக் கட்டணத் தொலைக்காட்சியில் பெண்கள் சண்டைக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல்முறை. நான்காவது சண்டையிலேயே உலகப் பட்டம் வென்றார். 2018இல் ஹன்னா கேப்ரியல்ஸ் முதல் சுற்றிலேயே அவரைக் கீழே வீழ்த்தினார். எழுந்தார், மீதிச் சுற்றுகளைச் சண்டையிட்டு வென்றார். 2019இல் கிறிஸ்டினா ஹாமரை வீழ்த்தி, மிடில்வெயிட் பிரிவின் நான்கு உலகப் பட்டங்களையும் ஒன்றாக வைத்திருந்தார். 2021 மார்ச்சில், சொந்த ஊரான பிளின்ட்டிலேயே, இன்னொரு எடைப்பிரிவிலும் நான்கு பட்டங்களையும் சேர்த்தார். நான்கு பட்டங்கள் நடைமுறைக்கு வந்த காலத்தில் இரண்டு பிரிவுகளில் இதைச் செய்த முதல் ஆள் அவர். ஆண்களிலும் அதற்குமுன் யாரும் செய்ததில்லை.

2022 அக்டோபரில் லண்டனில் சவானா மார்ஷலை மறுபடியும் சந்தித்தார். பத்தாண்டு பழைய கடன் அது. அன்று அந்த அரங்கில் நடந்த எல்லாச் சண்டைகளும் பெண்களுடையவை. அரங்கம் நிரம்பியிருந்தது. மூன்று நடுவர்களும் கிளாரெஸாவுக்கே வெற்றி கொடுத்தார்கள். பெண்கள் சண்டையை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கும் அன்றே பதில் கிடைத்தது.

2025 பிப்ரவரியில் மீண்டும் பிளின்ட். டேனியல் பெர்கின்ஸை வென்று ஹெவிவெயிட் பிரிவிலும் எல்லாப் பட்டங்களையும் கைப்பற்றினார். அவர் வாழ்க்கையைச் சொல்லும் ‘தி ஃபயர் இன்சைட்’ திரைப்படம் 2024இல் வெளிவந்தது.

இன்றும் பட்டச் சண்டைகளில் ஆண்களுக்குப் பன்னிரண்டு சுற்று, சுற்றுக்கு மூன்று நிமிடம். பெண்களுக்குப் பொதுவாகப் பத்துச் சுற்று, இரண்டே நிமிடம். குறைந்த நேரம் சண்டை போடுபவருக்குக் குறைந்த கூலி என்று கணக்குச் சொல்ல அது வசதி. எங்களுக்கும் மூன்று நிமிடம் கொடுங்கள் என்று கிளாரெஸா கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவர் கேட்பது சலுகை இல்லை, வேலையின் முழு நேரம்.

நாம் கேட்க வேண்டியது

குத்துச்சண்டை நமக்கு அந்நியமல்ல. வடசென்னையின் உழைக்கும் மக்கள் வளர்த்த கலை அது. ‘சார்பட்டா பரம்பரை’ வந்தபிறகு தமிழ்நாடே அதைப் பேசியது. ஆனால் அந்த மேடைக் கதைகளில் நம் பெண்கள் பெரும்பாலும் வீட்டு வாசலில்தான் நிற்கிறார்கள்.

நம் பிள்ளைகள் பதக்கம் வாங்கினால் பேனர் கட்டுகிறோம், சால்வை போடுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். அடுத்த வாரம் அந்தப் பெண் எதைச் சாப்பிட்டுப் பயிற்சிக்குப் போகிறாள் என்று யாரும் கேட்பதில்லை. சால்வைக்குச் செலவாகும் பணத்தில் பேருந்துக் கட்டணமும் முட்டையும் பாலும் வரும். போட்டிக்குப் போகும் பிள்ளையின் செலவை முன்பணமாகக் கொடுக்க ஊருக்கு ஒரு பொது நிதி இருந்தால், அந்தத் தாய் வட்டிக்கு வாங்க வேண்டியிருக்காது. மாவட்ட நிர்வாகத்திடம் இதைக் கேட்பது நம் உரிமை. அவர்கள் கொடுக்கும்வரை நம் அமைப்புகள் செய்யலாம்.

கிளாரெஸா இரண்டு தங்கம் வென்ற பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நம் பிள்ளைக்கு முதல் பதக்கத்திலேயே அது நடக்க வேண்டும்.