புடாபெஸ்ட் மட்டும்தான் ஹங்கேரியா? 'எகெர்' பக்கம் ஏன் போகணும்?

ஹங்கேரி ட்ரிப் என்றாலே பலரின் பிளான் புடாபெஸ்ட்டோடு முடிந்துவிடும். அங்கிருந்து ரயிலில் சுமார் 2 மணி நேரத்தில் 'எகெர்' வந்துவிடும். அழகான பழைய ஊர். ஆனால் சுற்றிப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும்: இங்கே பல இடங்கள், நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று என்று உருவானவை!

ஜெயித்த கோட்டை... தோற்ற கோட்டை

1552-ல் ஒட்டோமான் பெரும்படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. உள்ளே தளபதி இஷ்ட்வான் டோபோவுடன் இருந்தவர்கள் சுமார் 2,000 பேர்தான். ஐந்து வாரத்துக்கும் மேல் தாக்குப்பிடித்தார்கள், படை திரும்பிப் போனது. கார்தோன்யி கேசா எழுதிய நாவலால் ஹங்கேரியில் பள்ளிக் குழந்தைகளுக்கும் இந்தக் கதை தெரியும். அவரது கல்லறையும் கோட்டைக்குள்தான் இருக்கிறது.

அதிகம் பேசப்படாத பாதி என்ன தெரியுமா? 1596-ல் ஒட்டோமான்கள் மீண்டும் வந்தார்கள். இந்த முறை கோட்டை விழுந்தது. அடுத்த 91 வருடம் அவர்கள் ஆட்சிதான்.

மசூதி இல்லாத மினார்

அந்த ஆட்சியின் மிச்சம்தான் ஊர் நடுவே நிற்கும் 40 மீட்டர் உயர மினார். பக்கத்திலிருந்த மசூதி 19-ம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுவிட்டது. மினாரைச் சாய்க்க 400 மாடுகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்பது ஊர்க் கதை. 97 படிகள், ஒடுக்கமான சுழல் வழி. மூச்சு முட்டும் பயம் இருப்பவர்கள் கீழிருந்தே ரசிப்பது நல்லது.

வராமல் போன பல்கலைக்கழகம்

18-ம் நூற்றாண்டில் பிஷப் எஸ்டெர்ஹாசி பல்கலைக்கழகத்துக்காக 'லைசியம்' கட்டடத்தை எழுப்பினார். வியன்னா அரசவை அனுமதி தரவில்லை. ஆனால் அதன் கோபுரத்தில் அமைத்த 'கேமரா அப்ஸ்கியூரா' இன்றும் செம ஹிட். இருட்டு அறையில் கண்ணாடியும் லென்ஸும் சேர்ந்து, வெளியே நடமாடும் ஊரை மேஜை மேல் லைவாகக் காட்டும். மின்சாரமே தேவையில்லை! இப்போது அந்தக் கட்டடத்தில் அவர் பெயரிலேயே பல்கலைக்கழகம் இயங்குகிறது.

காளை ரத்தமா?

எகெரின் பிரபல சிவப்பு ஒயின் 'பிகாவேர்'. பெயரின் அர்த்தம் காளை ரத்தம். முற்றுகையின்போது வீரர்கள் இதைக் குடிக்க, தாடியில் வழிந்த சிவப்பைப் பார்த்து எதிரிகள் மிரண்டார்களாம். கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனால் வரலாற்றாய்வாளர்கள் இதை ஏற்பதில்லை. இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்ததே பல நூற்றாண்டுகள் கழித்துத்தான்.

கிணறு வெட்ட வெந்நீர்

பக்கத்து ஊரான எகெர்ஸலோக்கில் பனிமலை போல ஒரு வெள்ளைக் குன்று இருக்கும். பார்த்தால் ஆயிரமாண்டு அதிசயம் மாதிரி தோன்றும். உண்மையில் 1960-களில் எண்ணெய் தேடித் துளையிட்டபோது பீறிட்ட வெந்நீர், தன்னிலிருந்த தாதுக்களைப் படியவிட்டு உருவாக்கியது இது! அருகிலேயே வெந்நீர்க் குளியல் வளாகமும் உண்டு.

போறதுக்கு முன்னாடி...

* ஹங்கேரிக்கு ஷெங்கன் விசா போதும்.
* கரன்சி யூரோ இல்லை, ஃபோரின்ட்.
* ரயில் புடாபெஸ்ட்டின் கெலெட்டி நிலையத்திலிருந்து கிளம்பும்.
* பழைய ஊர் முழுவதையும் நடந்தே பார்க்கலாம். எகெர்ஸலோக்கும் போகணும்னா ஒரு இரவு தங்குங்க.

கோட்டையில் 1552 வெற்றிக் கதையைக் கேட்ட கையோடு, அப்படியே மினாருக்கும் நடந்துவிடுங்கள். இரண்டையும் பார்த்தால்தான் எகெரின் முழுக் கதையும் கிடைக்கும்.