காடை அல்லாத காடை

அந்தி வேளையில் வேர்க்கடலைக் கொல்லைக்குள்ளிருந்து, தூரத்தில் மோட்டார் சைக்கிள் உறுமுவதுபோல் 'டுர்ர்ர்' என்று எழும் சப்தம் எதனுடையது என்றும், சாலையோரக் கடைகளில் பொரித்து விற்கும் காடைதானா அது என்றும் திருப்புலிவனத்திலிருந்து ஒரு வாசகர் வினவியிருக்கிறார். அதுவன்று. கடையிலிருப்பது, 1974-இல் இந்நாட்டிற்குத் தருவிக்கப்பட்டுப் பண்ணைகளில் பெருகிய ஜப்பானியக் காடை, கொல்லையிலிருப்பது கருங்காடை. பின்விரலின்றி மூன்றே விரல்களால் நடமாடும் இப்பறவை, தோற்றத்தால் காடையாயினும் குலத்தால் ஆலாவுக்கும் உள்ளானுக்கும் உறவினம் என்பதை மரபணு ஆராய்ச்சி நிச்சயித்துவிட்டது.

முழங்குபவள் பெண் என்பதே இதன் விசேஷம். ஆணைவிடப் பருத்து, கழுத்தும் மார்பும் கறுத்து, பிற பெண்களோடு சமர் புரிந்து ஆணை வென்றெடுக்கும் அவள், புல்மறைவில் மூன்று நான்கு முட்டைகளை இட்டதும், அடைகாக்கும் பொறுப்பை அவனிடம் விட்டுவிட்டு, அடுத்த கணவனைத் தேடி மறுபடியும் முழங்கப் புறப்பட்டுவிடுகிறாள். விதைநெல்லை ஒரே குதிரில் கொட்டாமல், எலி ஒன்றைக் குடைந்தாலும் மற்றது பிழைக்கட்டும் என்று பல குதிர்களில் பிரித்துவைக்கும் குடியானவப் பாட்டியின் விவேகம் இது. ஆனால் இங்கே குதிரே ஏறக்குறைய 12 நாட்கள் நெல்லுக்குச் சூடேற்றி, முளைத்ததும் எழுந்து அதனை மேய்ச்சலுக்கும் அழைத்துச் செல்கிறது! ஆண்கள் இவ்வாறு அடையில் அமர்ந்துவிடுவதால், ஓய்வாயிருக்கும் ஆண் கிடைப்பது அரிதாகிறது. அரிய பொருளுக்குப் போட்டி மிகுவது இயல்பாதலின், பருமனும் முழக்கமும் சண்டைக்குணமும் பெண்ணின் பங்காயின.

சரித்திரம் வேண்டுவோர்க்கு ஒன்று சொல்கிறேன். சென்னை ராணுவத்தில் வைத்தியராயிருந்த ஜெர்டன், 1862-64-இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலில், தென்னிந்திய வேடர்கள் கூண்டில் ஒரு பெட்டையைப் பழக்கிப் புதரில் வைப்பதை வர்ணித்திருக்கிறார். அதன் குரல் கேட்டுச் சண்டைக்கு ஓடிவரும் பெட்டை கம்பிகளைக் கொத்த, இடையே கட்டிய நூல் அறுந்து மூடி விழும். கூடவே மணியும் ஒலிக்கும். சிக்குவன யாவும் பெண்களே; பல, முட்டையிடும் தறுவாயிலிருப்பவை.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இந்த வேட்டை இன்று குற்றம். பண்ணைக் காடை பெருகினால் காட்டுக் காடை பிழைத்துவிடும் என்று சிலர் முழங்குவதை மட்டும் நான் நம்புவதாயில்லை. காடை முட்டைக்குச் சர்வரோக நிவாரணிப் பட்டம் சூட்டும் விளம்பரங்களை எந்த அளவுக்கு நம்புகிறேனோ, அந்த அளவுக்கே இதையும் நம்பலாம். வேட்டைக்காரன் கையைப் பண்ணை ஒருவேளை தடுக்கலாம். வரப்புப் புல்லில் வைக்கும் தீயை அது தடுக்காது. ஆகவே அன்பரே, முழக்கம் கேட்ட கொல்லையின் ஓரத்துப் புல்லைக் கொளுத்துமுன் சில வாரம் பொறுங்கள். அதனுள் ஒரு தகப்பன் அசையாமல் அமர்ந்திருக்கக்கூடும்.