கரன்ட் வந்த பிறகு தானாக எழும் சர்வீஸ்கள்

லினக்ஸ் கணினியில் திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் நிரலைச் சர்வீஸ் என்பார்கள். வலைப்பக்கங்களைத் தரும் அப்பாச்சி, வெளியிலிருந்து உள்நுழைய வழிவிடும் எஸ்எஸ்ஹெச், சொன்ன நேரத்துக்கு வேலையை முடிக்கும் கிரான் எல்லாம் இந்த வகைதான். ஒரு சர்வீஸ் இப்போது ஓடுகிறதா என்பது ஒரு கேள்வி. கணினி அடுத்த முறை பூட் ஆகும்போது அது தானாக எழுமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு 'ஸ்டார்ட்', இரண்டாவதற்கு 'எனேபிள்'.

ஹூஸ்டனுக்குத் தெற்கே, மீனாட்சி கோவில் இருக்கும் பேர்லேண்ட் பக்கத்தில் இந்த வேறுபாட்டைப் புயல்காலம் காட்டிக்கொடுக்கும். 2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் கரையைக் கடந்தபோது ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரன்ட் போனது. பலருக்கு நாள்கணக்கில் வரவில்லை. வீட்டில் கேமரா பதிவுகளைச் சேமிக்கும் சிறு லினக்ஸ் பெட்டி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சர்வீஸுக்கு ஸ்டார்ட் மட்டும் கொடுத்திருந்தால், மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது கரன்ட் வந்த பிறகு ஓடாது. கணினியைப் பொறுத்தவரை அதில் தவறே இல்லை, ஆகவே எச்சரிக்கையும் வராது.

'சிஸ்டம்சிடிஎல் எனேபிள் அப்பாச்சி2' என்று அடித்தால் உள்ளே நடப்பது ஆச்சரியப்படும் அளவுக்குச் சின்ன வேலை. 'மல்ட்டி-யூசர்.டார்கெட்.வான்ட்ஸ்' என்ற கோப்புறையில், அந்தச் சர்வீஸின் கோப்பைச் சுட்டும் ஓர் இணைப்பு உருவாகிறது. பூட் ஆகும்போது, சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அந்தக் கோப்புறையைப் பார்த்து, அதில் இருப்பவற்றை எழுப்புகிறது. 'டிசேபிள்' அந்த இணைப்பை அழிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸைத் தொடாது. எனேபிளோடு ஸ்டார்ட்டும், டிசேபிளோடு நிறுத்தமும் சேர்ந்து நடக்கவேண்டுமென்றால் கட்டளையோடு 'நவ்' என்ற விருப்பத்தைச் சேர்க்கவேண்டும். நிலவரம் தெரிய 'இஸ்-எனேபிள்ட்' போதும்.

லென்னார்ட் பெட்டரிங்கும் கே சீவர்ஸும் 2010இல் தொடங்கிய சிஸ்டம்டி 2011இல் ஃபெடோரா 15க்கும், 2015இல் டெபியன் 8, உபுண்டு 15.04 ஆகியவற்றுக்கும் இயல்பு முறையாக வந்தது. டெபியனில் அதை ஏற்பதா என்ற சண்டை முற்றி, ஒரு கூட்டம் பிரிந்துபோய் டெவுவானை உருவாக்கியது. இத்தனை ரகளைக்கும் நடுவே இணைப்பு வைக்கும் முறை மட்டும் மாறவில்லை. பழைய சிஸ்டம் ஃபைவ் முறையிலும் 'எஸ்20' என்பதுபோலத் தொடங்கும் பெயர்களில் இணைப்புகளே இருந்தன. அவற்றை டெபியனில் 'அப்டேட்-ஆர்சி.டி', ரெட் ஹாட்டில் 'செக்கான்ஃபிக்' கவனித்துக்கொண்டன.

டெபியன், உபுண்டுவில் ஒரு சர்வர் நிரலை நிறுவினாலே பெரும்பாலும் அது எனேபிள் ஆகிவிடும். ரெட் ஹாட் குடும்பத்தில் பெரும்பாலும் நாமே சொல்லவேண்டும். டிசேபிள் செய்த சர்வீஸை வேறொரு சர்வீஸோ, சாக்கெட்டோ எழுப்பிவிடலாம். அதற்கும் இடம் கொடுக்கக்கூடாது என்றால் 'மாஸ்க்'. அதன் பிறகு கையால் ஸ்டார்ட் கொடுத்தாலும் எழாது.

எனேபிள் செய்தும், கரன்ட் வந்த பிறகு கணினியே ஆன் ஆகவில்லையென்றால் அதன் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸைப் பார்க்கவேண்டும். ராஸ்பெரி பை பொதுவாகக் கரன்ட் வந்ததும் தானே பூட் ஆகும். மேசைக் கணினிகள் பலவற்றில், கரன்ட் திரும்பினால் தானாக ஆன் ஆகும் அமைப்பைப் பயாஸில் தேர்ந்தெடுத்திருக்கவேண்டும்.